விண்ணியற் சொல்லும் பொதுமக்களும்: ஐஸ்லாந்துச் சொல்லாக்கம் பற்றிய ஒரு நோக்கு

கலைச்சொல்லாக்கம் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் நம்மவருட் சிலர் ஐஸ்லாந்தைச் சாட்சிக்கு அழைப்பதுண்டு. ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்களைக் கொண்ட ஒரு தீவு, விண்ணியல் முதலாக மின்னியல் ஈறாக எல்லாத் துறைகளுக்கும் பிறமொழிச் சொற் கலவாது தன் சொந்த வேர்களிலிருந்தே சொற்களை ஆக்கிக்கொண்டதாம். அவர்களால் இயன்றது பல கோடி மக்களின் மொழியாகிய தமிழுக்கு இயலாதா என்பது அவர்தம் வினா. அவ்வினாவிலுள்ள ஆதங்கத்தை நாம் மதிக்கிறோம். ஆயின் அச்சாட்சியைக் குறுக்குவிசாரணை செய்ய முன்வருவோர் அரியர். ஐஸ்லாந்தின் சொற்கள் தூய்மையினால் வாழ்ந்தனவா, அன்றி வேறு காரணத்தினால் வாழ்ந்தனவா என்பதை ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டு நோக்குவதே ஈண்டு நமது முயற்சியாகும். விண்ணியலைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. அத்துறைச் சொற்களிற் பல 180 ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் வாயிலும் ஏட்டிலும் புழங்கிச் சோதிக்கப்பட்டவை. ஐஸ்லாந்துச் சொற்களை ஒலிக்கு இயன்றவரை அண்மையாகத் தமிழெழுத்திலே தந்து, பொருளையும் உடன் கூறிச் செல்கிறோம்.

1842ஆம் ஆண்டு, ரெய்க்கியாவிக்குக்கு அருகே கடலிலுள்ள விதேய் என்னுஞ் சிறு தீவின் அச்சகத்திலிருந்து ஒரு நூல் வெளிவந்தது. டேனிய அறிஞர் உர்சின் எழுதிய விண்ணியல் நூலின் மொழிபெயர்ப்பு அது. பெயர்த்தவர் கவிஞரும் இயற்கை விஞ்ஞானியுமான யோனாஸ் ஹல்கிறிம்சன் (1807–1845). நூலின் தலைப்பு வெறுமனே 'விண்மீனியல்' என்று நின்றுவிடவில்லை. 'இலகுவானது, பொதுமக்களுக்கானது' என்ற பொருளுடைய ஒரு தொடரும் அதனோடு சேர்ந்து நின்றது. நம் வாதம் முழுவதும் ஒருவகையில் அத்தொடரைப் பற்றியதே.

அக்காலத்திலே ஐஸ்லாந்து டென்மார்க் முடியாட்சியின் கீழ் இருந்தது. மக்கள்தொகை அறுபதினாயிரத்துக்குங் குறைவு. பல்கலைக்கழகம் இல்லை, உயர்கல்வி வேண்டுவோர் யோனாஸைப் போலக் கோப்பன்ஹேகனுக்குக் கப்பலேறினர். ஆட்சிக்கும் வாணிபத்துக்கும் டேனிய மொழி வேண்டியிருந்தது. எனினும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியளவிலேயே அந்நாட்டுக் குடியானவரிற் பெரும்பான்மையோர் வாசிக்கத் தெரிந்தவராயினர். குளிர்கால இரவுகளில் வீட்டார் அனைவரும் ஒரே அறையிற் கூடிக் கம்பளி நூற்றுக்கொண்டிருக்க, ஒருவர் உரத்து வாசிக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. நம் கோயில்களிலே புராணபடனம் நிகழ்ந்தமையை இது நினைவூட்டுகிறது. வேறுபாடு யாதெனில் அங்கே கேட்டோர் கேட்டுக்கொண்டே வேலையுஞ் செய்தனர். யோனாஸ் எழுதியது இந்த அறைக்காகவே. காதால் மட்டும் கேட்டுக் கைவேலை செய்துகொண்டிருக்கும் ஒருவருக்கு, அடிக்குறிப்பும் அகராதியுமின்றிப் பொருள் புலப்படவேண்டும் என்ற தேவையே அவரது சொல்லாக்கத்தின் அளவுகோலாயிற்று.

அவர் ஆக்கியனவாகக் கருதப்படும் சொற்களை நோக்குவோம். தொலைகாட்டி 'சியோனொய்கி' ஆயிற்று. பார்வையைப் பெருக்குவது என்பது பொருள். ஈர்ப்புவிசை 'அத்திரௌத்தராப்ல்', தன்பால் இழுக்கும் ஆற்றல். நீள்வளையத்துக்கு 'ஸ்போர்பொய்கூர்' என்றார். தடம் என்பதற்கும் வளையம் என்பதற்கும் உரிய சொற்களின் சேர்க்கை அது. கேத்திரகணிதத்துக்குரிய ஓர் உருவத்துக்குக் கோள் செல்லும் தடத்தினின்று பெயர் வந்தமை சுவையானது. கேத்திரகணிதம் கல்லாத ஒருவர் அச்சொல்லைக் கேட்டதும் ஏதோ ஒன்று வளைந்து வளைந்து செல்வதை மனக்கண்ணிற் காண்பார். அவருக்குத் தேவையானதும் அதுவே.

இவற்றுளெல்லாம் விநோதமான வரலாறுடையது 'லியோஸ்வாகி' என்பதாகும். ஒளி என்னுஞ் சொல்லோடு, எழுப்புவது அல்லது விழிக்கச் செய்வது என்ற பொருளுடைய பகுதியைச் சேர்த்து யோனாஸ் இதனை ஆக்கினார். ஒளியலை பரவுவதற்கு ஊடகமாக விண்வெளியெங்கும் நிறைந்திருப்பதென 19ஆம் நூற்றாண்டு பௌதிகம் நம்பிய ஈதருக்கு அவர் இட்ட பெயர் அது. 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் நடத்திய பரிசோதனையில் ஈதரின் சுவடு தென்படவில்லை. 1905இல் ஐன்ஸ்டைனின் சார்புக்கொள்கை அதனைத் தேவையற்றதாக்கியது. பொருள் மறைந்தது, சொல்லோ மறையவில்லை. 1930இல் ஐஸ்லாந்தில் அரச வானொலி தொடங்கியது. அலைகள் வானிற் பரவுவதைக் குறிக்க ஒரு சொல் வேண்டியிருந்தது. மக்கள் பழைய லியோஸ்வாகியை எடுத்துக்கொண்டனர். இன்று வானொலி, தொலைக்காட்சி ஆகிய ஒலிபரப்பு ஊடகங்கள் அனைத்தும் அச்சொல்லின் பெயராலேயே வழங்குகின்றன. விஞ்ஞானம் கைவிட்ட சொல்லை மக்கள் தத்தெடுத்தனர். தூய்மைவாதிகள் இதனைத் தம் வெற்றிக்குச் சான்றாகக் காட்டுவர். நமக்கோ இது வேறொன்றைக் காட்டுகிறது. ஒரு சொல் ஆக்கியோனின் கையைவிட்டு நீங்கி, அவன் எண்ணாத வேலைக்குப் பயன்படத் தொடங்கும்போதுதான் மொழியின் சொல்லாகிறது.

யோனாஸைப் பற்றி ஈண்டு ஒரு முரண்பாட்டையும் மறைத்தல் ஆகாது. 'ஃபியோல்னிர்' என்ற சஞ்சிகையை 1835இல் தொடக்கிய குழுவினருள் அவரும் ஒருவர். அதே சஞ்சிகையில் 1837இல், சிகுர்தூர் பிரேய்த்பியோர்த் என்ற கவிஞர் பாடிய 'ரீமூர்' வகைக் கதைப்பாடலை அவர் கடுமையாகச் சாடினார். ரீமூர் என்பது குடியானவர் விரும்பிக் கேட்ட வடிவம்; மேற்கூறிய அதே குளிர்கால அறையிலே பாடப்பட்டது. பொதுமக்களுக்காக விண்ணியலை எழுதியவரே அப்பொதுமக்களின் இரசனையை இழிந்ததெனக் கருதினார். அறிவைக் கீழே கொண்டுசெல்ல விழைந்த 19ஆம் நூற்றாண்டுத் தேசிய அறிவாளரின் இரட்டைநிலை இது. நம் நாட்டு மறுமலர்ச்சியாளர் வரலாற்றைக் கற்றோர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

இனி, இச்சொற்கள் எவ்வளவு தூயவை என்ற வினாவுக்கு வருவோம். வேர்கள் ஐஸ்லாந்துக்குரியன என்பதில் ஐயமில்லை. அச்சோ பெரும்பாலும் அயலது. ஈர்ப்புவிசைக்கான சொல், இழுத்தல் என்பதையும் ஆற்றல் என்பதையும் சேர்த்த டேனிய, ஜெர்மன் சொற்களின் வார்ப்பிலேயே அமைந்தது. வால்வெள்ளியைக் குறிக்கும் 'ஹாலஸ்த்யார்னா', அதாவது வால்மீன், பழைய டேனியச் சொல்லோடு உறுப்புக்கு உறுப்பு ஒத்துப்போகிறது. எந்த ஆட்சியாளரின் மொழியை வாயிற்படியில் நிறுத்தவேண்டும் என்று விரும்பினரோ, அம்மொழி சிந்திக்கும் முறையை உள்ளே அழைத்து ஆசனமிட்டனர். இதனை நாம் குற்றமாகக் கூறவில்லை. மொழிபெயர்ப்பின் இயல்பே அது. தூய்மை என்பது சொல்லின் ஒலியிலும் வேரிலும் மட்டுமே காணப்படுவது. கருத்து எல்லைச் சாவடிகளுக்குக் கட்டுப்படுவதில்லை என்பதே நாம் சுட்ட விழைவது.

யோனாஸ் வெறுநிலத்திலே விதைத்தாருமில்லை. 12ஆம் நூற்றாண்டிலே வட ஐஸ்லாந்தில் வாழ்ந்த ஒத்தி ஹெல்கசன் என்பவர் ஆண்டு முழுவதும் சூரியன் நண்பகலில் எவ்வளவு உயர்கிறது, எத்திசைகளில் விடியலின் ஒளி தோன்றுகிறது என்பவற்றைக் கணித்து வைத்தார். 'ஒத்தியின் கணக்கு' என அது ஏட்டில் நிலைபெற்றது. 'விண்மீன் ஒத்தி' எனப் பெயர்பெற்ற அவர் பிறர் பண்ணையிலே கூலிவேலை செய்தவர் என்பது நம் கவனத்துக்குரியது. மக்களிடம் வழங்கிய பெயர்களும் உள. ஓரியன் தொகுதியின் இடைக்கச்சையாக நிற்கும் மூன்று மீன்களை அவர்கள் 'ஃபியோசகோனூர்' என்றனர். மாட்டுத்தொழுவத்துப் பெண்கள் என்பது பொருள். கிரேக்கர் வேட்டைவீரனின் அணிகலனைக் கண்ட இடத்தில் ஐஸ்லாந்தின் உழைக்கும் மக்கள் பால்கறக்கப் போகும் பெண்களைக் கண்டனர். பால்வீதிக்கு 'வெத்ரார்பிரொய்த்', குளிர்காலப் பாதை என்று பெயர். வரப்போகும் மாரி எத்தகையதென அதன் தோற்றத்தைக் கொண்டு குறிசொல்லும் வழக்கமும் இருந்தது. இச்சொற்கள் எவையும் குழுக்கூட்டத்தில் ஆக்கப்பட்டவையல்ல. ஆக்கப்பட்ட சொற்கள் இவற்றோடு அருகருகே வாழ முடிந்தமைக்கு, இவற்றின் எளிமையை அவை பின்பற்றியமையே காரணம் எனலாம்.

20ஆம் நூற்றாண்டிலே நிலைமை மாறிற்று. 1911இல் பல்கலைக்கழகம், 1918இல் இறைமை, 1944இல் குடியரசு. சொல்லாக்கம் தனிமனிதரின் கையினின்று நிறுவனங்களின் கைக்கு வந்தது. 1919இல் பொறியியலாளர் சொற்குழுவொன்றை அமைத்தனர்; 1964இல் அரசின் மொழிக்கழகம் தோன்றியது. விண்ணியற் சொல்லாக்கத்திலே விண்ணியலாளர் தொர்ஸ்தேய்ன் சேமுந்சனின் (1935–2023) பங்கு பெரிது. பல்கலைக்கழகம் வெளியிடும் பஞ்சாங்கத்தைப் பல பதிற்றாண்டுகள் பதிப்பித்தவர் அவர்.

இக்காலச் சொற்களுட் சில உண்மையிலேயே மகிழ்ச்சி தருபவை. 1967இல் கண்டறியப்பட்ட பல்சார்களுக்கு 'திஃப்ஸ்த்யார்னா' என்றனர். கடிகாரம்போலத் துடிக்கும் மீன். குவாசாருக்கு 'துல்ஸ்திர்னி', மறைபொருளான மீன். கண்ணுக்குப் புலனாகாத கரும்பொருள் 'ஹுல்துஎப்னி' எனப்படுகிறது. இதன் முற்பகுதியைக் கேட்ட மாத்திரத்தே, பாறைகளுக்குள் மனிதர் கண்ணிற் படாது வாழ்வதாக அந்நாட்டுக் கதைகள் கூறும் 'ஹுல்துஃபோல்க்' என்ற மறைமாந்தர் எவருக்கும் நினைவுக்கு வருவர். பாட்டி சொன்ன கதை வழியே பிரபஞ்சவியலுக்குள் ஒரு வாசல் திறக்கிறது. இத்தகைய இடங்களிலே சொல்லாக்குவோன் கவிஞனும் ஆகிறான்.

எனினும் விளங்கும் சொல் என்பதெல்லாம் உண்மை சொல்லும் சொல் ஆகாது. கோளைக் குறிக்கும் சொல் 'ரேய்கிஸ்த்யார்னா', அலையும் விண்மீன். கோள் விண்மீனன்று என்பதே பள்ளிப்பிள்ளை முதலிற் கற்கவேண்டிய பாடம். சொல்லோ அது விண்மீன் என்றே கூறிக்கொண்டிருக்கிறது. பிளானட் என்ற கிரேக்கச் சொல்லும் அலைவதையே குறித்தது. ஆயின் பிறமொழியாளர் காதிலே அது பொருளற்ற ஒலியாக விழுவதால் தவறு செய்ய வழியில்லை. 2006இல் அனைத்துலக விண்ணியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் எனத் தாழ்த்தியபோது, ஐஸ்லாந்து மொழி 'குள்ள அலைமீன்' என்ற மூவுறுப்புச் சொல்லுக்குப் போகவேண்டியதாயிற்று. 'குள்ளமீன்' என்பதோ வேறொரு வகை உண்மையான விண்மீனுக்கு உரிய பெயர். இன்னொன்று: தொலைவிலுள்ள விண்மீன் தொகுதிகள் 'ஸ்த்யோர்னுதோகா', மீன்மூடுபனி எனப்பட்டன. 1920களில் ஹபிள் அவை மூடுபனியல்ல, நமது பால்வீதியை ஒத்த தனித்தொகுதிகள் என்று நிறுவினார். அந்திரோமேடா ஐஸ்லாந்து வழக்கில் இன்றும் மூடுபனியே. விளங்கும் சொல், தான் பிறந்த காலத்து அறிவையும் அறியாமையையும் உடன் சுமந்து செல்கிறது. இருட்டான இரவற்சொல்லுக்கு அந்தச் சுமை இல்லை. தூய்மைவாதத்துக்கு எதிராகக் கூறத்தக்க உண்மையான விஞ்ஞான நியாயம் இதுவே. நம் நாட்டு விவாதங்களில் இது எடுத்துரைக்கப்படுவது அரிது.

அடுத்து, சாட்சிக்கு அழைப்போர் கூறாது விடும் சில செய்திகள். ஐஸ்லாந்தர் கோள்களின் பெயர்களை மாற்றவில்லை. மெர்க்கூரியுஸ், வேனுஸ், மார்ஸ், யூப்பித்தர் என்று உரோமத் தேவர்களையே வழங்குகின்றனர். ஓதினும் தோரும் பிறந்த மண்ணிலே இது நிகழ்கிறது. எவரும் இதனால் மொழி அழிந்ததாகப் புலம்பவில்லை. மேலும் 'ரேய்கிஸ்த்யார்னா' என்று ஏடு கூறினும், அன்றாடப் பேச்சிலே 'பிளௌனெத்தா' என்பதும் தாராளமாக வழங்குகிறது. யோனாஸின் அழகிய 'சியோனொய்கி' நூல்களில் ஒளிவீசுகிறது. பறவை பார்க்கப் போகிறவர் கழுத்திலே தொங்குவதோ டேனிய வழிவந்த 'கீகிர்' ஆகவும் இருக்கலாம். இரண்டு சொல்லும் ஒரே வீட்டில் வாழ்கின்றன. தூய்மை என்று நாம் தூரத்திலிருந்து வியப்பது, அருகிற் சென்று நோக்குமிடத்து இருவழக்காகவே காணப்படுகிறது.

இந்த இருவழக்கைப் பொறுக்காத ஓர் இயக்கமும் எழுந்தது. அது எழுந்த இடம் ஐஸ்லாந்து அன்று. 1990களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த மொழி ஆர்வலர் ஒருவர் 'ஹௌஃப்ரோன்ஸ்கா', அதாவது உயர் ஐஸ்லாந்து மொழி என்ற ஒன்றை முன்வைத்தார். மூலகங்களின் பெயர், நாடுகளின் பெயர் என எதையும் விடாது யாவற்றுக்கும் தூய வேர்ச்சொல் காண்பதே அதன் இலட்சியம். உழைப்பும் கற்பனையும் அதிற் குறைவல்ல. ஆயின் அச்சொற்களைக் கொண்டு ஐஸ்லாந்தில் எவரும் பிள்ளைக்கு வானத்தைக் காட்டியதில்லை. யோனாஸின் சொல்லுக்கும் இவற்றுக்கும் ஆக்கமுறையில் வேறுபாடு காண்பது அரிது. வேர் ஒன்று, இலக்கணம் ஒன்று. ஒன்றன் முன்னே கேட்போர் நிறைந்த ஓர் அறை இருந்தது. மற்றதன் முன்னே சொற்பட்டியல் மட்டுமே இருந்தது. தூய்மையே சொல்லை வாழவைப்பதாயின் கூடுதலாகத் தூயது கூடுதலாக வாழ்ந்திருக்கவேண்டும் அன்றோ?

தூய்மைவாதத்தின் இன்னொரு முகத்தையும் முற்போக்கு நோக்குடையோர் காணாதிருத்தல் கூடாது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இகர எகர உயிர்களை மயக்கி ஒலிக்கும் 'ஃபிளௌமேலி' என்ற பேச்சுவழக்குக்கு எதிராக ஐஸ்லாந்துப் பள்ளிகள் போர் தொடுத்தன. 1940களில் பியோர்ன் குத்ஃபின்சன் நாடெங்கும் மாணவரின் உச்சரிப்பை ஆராய்ந்தார். அதனையடுத்த திருத்த முயற்சிகளினால் அவ்வழக்கு ஏறத்தாழ அழிந்தொழிந்தது. அது பெரும்பாலும் கரையோர மீனவக் குடியிருப்புகளிலும் வேறு சில பகுதிகளிலும் வழங்கிய எளிய மக்களின் பேச்சு. அவ்வாறே, சில வினைகளோடு நான்காம் வேற்றுமையைப் பயன்படுத்தும் மக்கள் வழக்குக்கு 'நான்காம் வேற்றுமை நோய்' என்ற பொருள்படும் ஒரு பெயர் சூட்டினர். தூய ஐஸ்லாந்து வேர்களாலான, இலக்கணத்துக்கு முற்றிலும் அமைந்த நல்ல புதுச்சொல் அது! பிற்கால மொழியியலாளர் 'நோய்' என்பதை நீக்கிச் 'சாய்வு' என்ற சொல்லை இட்டனர். மக்களுக்கு விண்ணைத் திறந்துகாட்டிய அதே பட்டறையிலே மக்களின் வாயைப் பூட்டும் பூட்டும் வார்க்கப்பட்டது.

இலங்கையிலே தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்பிக்க முற்பட்டபோது நாம் மேற்கொண்ட வழி வேறு. ஒட்சிசன், ஐதரசன், இலத்திரன் எனப் பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஒலியமைதிக்குள் அடக்கினோம். ஐஸ்லாந்தர் ஒட்சிசனைப் 'புளிப்புப் பொருள்' எனவும் இலத்திரனை 'அம்பர்த் துகள்' எனவும் மொழிபெயர்த்தனர். ஒட்சிசனே அமிலங்களுக்கெல்லாம் மூலம் என்ற பழைய பிழை அவர்கள் சொல்லில் இன்றும் உறைகிறது. நம் சொல் ஒன்றுமே கூறாதிருந்து பிழையினின்று தப்பியது. எவ்வழி சிறந்தது என்று பொதுவிற் கூறவியலாது. யோனாஸின் நூல் வெளிவந்து சில ஆண்டுகளுக்குள் மானிப்பாயிலே மருத்துவர் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் பெயர்க்கத் தொடங்கினார். அவரிடமும் வினா ஒன்றே இருந்தது: யாருக்காக?

அவ்வினா இன்று ஐஸ்லாந்தையே வருத்துகிறது. விண்ணியற் சொற்றொகுதிகள் அச்சிலும் கணினியிலும் கிடைக்கின்றன. கருந்துளைக்கு 'ஸ்வார்த்ஹோல்', பெருவெடிப்புக்கு 'மிக்லிக்வெத்லூர்' என எதற்கும் சொல்லுண்டு. ஆயின் அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் முனைவர்ப்பட்ட ஆய்வேடுகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. சொல்லில்லாமையால் அன்று, வாசிப்போர் வேறிடத்தில் இருப்பதால். குவாசாரை ஆராய்பவர் 'துல்ஸ்திர்னி' என்று எழுதுவது பெரும்பாலும் பஞ்சாங்கத்துக்கோ பள்ளிநூலுக்கோ பத்திரிகைக்கோ எழுதும்போதுதான். இதனைத் தோல்வி என்று ஒரு சாரார் கூறுவர். நாம் அங்ஙனம் கருதவில்லை. 1842இன் அந்நூலும் ஆய்வாளருக்காக எழுதப்பட்டதன்று. 2026ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதிக்குரிய முழுச் சூரிய கிரகணத்தின் பாதை ஐஸ்லாந்தின் மேற்குக் கரை வழியே, ரெய்க்கியாவிக் நகரின் மீதும் அமைந்தது. 1954இன் பின் அந்நாட்டுக்கு வாய்க்கும் முதலாவது முழுக்கிரகணம் அது. அதற்கு அவர்கள் வைத்துள்ள பெயர் 'அல்மிர்க்வி', முழு இருள். மீன்பிடிப் படகிலிருப்பவருக்கும் தொழுவத்திலிருப்பவருக்கும் அச்சொல்லை எவரும் விளக்கவேண்டியதில்லை.